சவுண்டு ஏன் கிழிகிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடியேன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பி.காம்., பிறகு வங்கி உத்தியோகம். டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். டெசிபல் என்பது போன வருஷம் வரைக்கும் எனக்குத் தீபாவளி சமயத்தில் பேப்பரில் வரும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு பழைய கேசட் ஆறு வாரம் என்னைப் படுத்தி எடுத்தது. அந்த ஆறு வாரத்தில் நூற்று இருபது வருஷத்துக் கதை ஒன்று கையில் கிடைத்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கேசட் எங்கள் ஆச்சியுடையது. 1988ல் தென்காசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துபாயில் இருந்த சித்தப்பாவுக்கு ஆச்சி பேசி அனுப்பியது. வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளுக்கு இது புதிதில்லை. எழுதத் தெரியாத அம்மாக்கள் கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். அங்கே எட்டுப் பேர் தங்கிய அறையில் அதைப் போட்டுக் கேட்டால் எட்டுப் பேரும் அழுவார்களாம். சித்தப்பா ஓய்வுபெற்று வந்தபோது பெட்டியோடு அந்த கேசட்டும் வந்தது. ஆச்சி 1991ல் போய்ச் சேர்ந்துவிட்டாள். சித்தப்பா மகள் பிறந்தது அதற்குப் பிறகு. இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. "எனக்கு ஆச்சி குரல் எப்படி இருக்கும்னே தெரியாதுண்ணே, அத மாத்தி அனுப்புங்களேன்" என்றாள். பெங்களூர்க்காரன் என்றால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவும் தெரியும் என்று உறவில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் வங்கியில் கடன் மனு பார்க்கிறவன் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை :-)

பரணில் கிடந்த டூ-இன்-ஒன்னை இறக்கித் துடைத்து, அதன் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரை எடுத்து லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகி, ரெக்கார்டிங்கை ஓட்டினேன். இருபத்தேழு நிமிஷம். முடிந்ததும் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "அண்ணே, ஆச்சி பேசுறாளா, கிணத்துல தவளை கத்துதா?"

போட்டுக் கேட்டேன். சரியாகத்தான் சொன்னாள். கரகரவென்று, ஒவ்வொரு வார்த்தையும் கந்தலாகக் கிழிந்து வந்தது. திருவிழாவில் மைக்செட்காரர் இல்லாத நேரம் பார்த்து பொடியன்கள் வால்யூமைத் திருகிவிட்டால் கேட்குமே, "சவுண்டு கிழியுதுடா" என்போமே, அதே சத்தம்.

இப்படிப்பட்ட நேரத்தில் வங்கிக்காரனுக்கு ஒரு பழக்கம் கைகொடுக்கும். இருப்பாய்வு இடிக்கிறது என்றால் கடைசிப் பக்கத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டோம். முதல் பதிவிலிருந்து ஒவ்வொரு பக்கமாக வந்து, எந்த இடம் வரைக்கும் கணக்கு சரி, எந்த இடத்தில் தப்பு நுழைந்தது என்று பார்ப்போம். லேப்டாப்பை ஒதுக்கிவிட்டு, டூ-இன்-ஒன்னில் நேராக இயர்போன் மாட்டிக் கேட்டேன். ஆச்சி தெளிவாகப் பேசினாள்! பின்னால் சேவல் கூவுவதுகூடக் கேட்டது. ஆக டேப் சரி, டூ-இன்-ஒன் சரி, வயரை மாற்றிப் பார்த்தேன், அதுவும் சரி. தப்பு நுழைகிற இடம் லேப்டாப்பின் வாசல்.

லேப்டாப்பில் ஒலி அளவைக் குறைத்துப் பதிந்து பார்த்தேன். கரகரப்பு சின்னதாகக் கேட்டது, ஆனால் கரகரப்பு கரகரப்பாகவே இருந்தது. அந்த சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காக: சென்னை ரிச்சி தெருவுக்கு அண்ணன் மாதிரி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் குவிந்து கிடக்கும் தெரு. ஒரு சின்னக் கடையில் இருந்த பெரியவர், நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். "ஹெட்போன்லிந்து மைக்குக்குக் குடுத்தியா? அது உள்ள வரும்போதே ஜாஸ்தி சார். உள்ள வந்தப்பறம் கம்மி மாடி ஏனு பிரயோஜன?" என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னார். என் ஆறு வாரப் படிப்பின் சாரம் அந்த ஒரு வாக்கியம்தான்.

விஷயம் இதுதான். மைக் ஓட்டை என்பது மைக்கிலிருந்து வருகிற மிகச் சன்னமான மின்சாரத்துக்காக வைத்தது. சில மில்லிவோல்ட்தான் வரும், அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ள உள்ளேயே ஒரு பெருக்கி உண்டு. டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து வருவதோ அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. அதையும் அது பெருக்கத்தான் பார்க்கும். முடியாது. அலையின் உச்சிகளையும் பள்ளங்களையும் வெட்டித் தட்டையாக்கிவிடும். அந்த வெட்டுதான் கரகரப்பு.

நம் பாஷையில் சொல்கிறேன். ஐந்து இலக்கத்துக்கு மட்டுமே கட்டம் போட்ட ஒரு லெட்ஜர். 99,999க்கு மேல் எழுத இடமில்லை. ஒருவர் இரண்டு லட்சம் கட்டுகிறார், இன்னொருவர் ஏழு லட்சம் கட்டுகிறார். குமாஸ்தா இருவருக்கும் 99,999 என்றே எழுதிவைக்கிறான். மறுநாள் நீங்கள் எல்லாத் தொகையையும் பாதியாக்கினாலும் யார் இரண்டு லட்சம் கட்டியவர், யார் ஏழு லட்சம் கட்டியவர் என்று திரும்பத் தெரியாது. கம்ப்யூட்டர் ஒலியையும் இப்படித்தான் எண்ணாக எழுதுகிறது. 16 பிட் கணக்கில் அதன் பெரிய எண் 32,767. அதற்கு மேல் கட்டம் கிடையாது. நான் லேப்டாப்பில் அளவைக் குறைத்தது, பெருக்கியில் தலை வெட்டுப்பட்ட பிறகு நடந்த வகுத்தல். பெரியவர் சொன்ன 'கம்மி மாடி' அதுதான்.

லைன்-இன் உள்ள ஒரு குட்டி யு.எஸ்.பி. பெட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் கதை கடைசியில். மெட்ரோவில் திரும்பும்போது எனக்கு வேறு ஒரு கேள்வி வந்துவிட்டது. இப்போது பெட்டி இருக்கிறது, திருகு இருக்கிறது, பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கு இருக்கிறது. இது எதுவும் இல்லாத காலத்தில், நம் ஊர்க் குரல்களை முதன்முதலாகப் பதிந்தவர்கள் என்ன செய்தார்கள்?

1902க்குப் போவோம். லண்டன் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர் கல்கத்தா வந்து, ஹோட்டல் அறையையே ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டு பதிவு செய்தார். அந்த நவம்பரில் பாடியவர்களில் ஒருவர்தான் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் போய்த்தான் ரெக்கார்டாக வரவேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரியவேண்டும் என்பதற்காக என்று காரணம் சொல்வார்கள். (கௌஹர் ஜான் கடைசியில் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, 1930ல் மைசூரில் காலமானார். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம். அவர் வரலாற்றை 2010ல் புத்தகமாக எழுதிய விக்ரம் சம்பத்தும் பெங்களூர்க்காரர்தான்.)

அந்த அறையில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. மைக் இல்லை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூம்புக் குழாய், அதன் கடைசியில் ஒரு மெல்லிய தகடு, தகட்டில் ஒரு ஊசி, ஊசிக்குக் கீழே சுற்றும் மெழுகு. பாடகரின் மூச்சுக்காற்றே தகட்டை அசைத்து மெழுகைக் கீறவேண்டும். பதிவில் பிடிபட்டது சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான். மெதுவாகப் பாடினால் ஒன்றும் பதியாது. அதனால் எல்லோரும் கத்தித்தான் பாடினார்கள். ஆனால் மேல் ஸ்தாயியில் ஓங்கிப் பிடித்தால் தகடு அதிர்ந்து பிளிறும், ஊசி பக்கத்துக் கோட்டுக்கே தாவிவிடும். சவுண்டு கிழிவது அப்போதே பிறந்துவிட்டது!

என்ன செய்தார்கள்? திருகு இல்லாததால் மனிதரையே திருகினார்கள். கீழ் ஸ்வரத்துக்குப் பாடகரின் தலை குழாய்க்குள்ளேயே போகிற அளவுக்கு முன்னே தள்ளுவது, உச்சத்துக்குப் போகும்போது பின்னே இழுப்பது. பக்கத்தில் ஒரு ஆள் நின்று தோளைப் பிடித்துத் தள்ளியும் இழுத்தும் விட்டுக்கொண்டிருப்பாராம். பக்கவாத்தியக்காரர்களையும் தூரத்தை அளந்து உட்காரவைப்பார்கள், சத்தம் பெரிசானது தூரத்தில், சின்னது கிட்டே. இன்று ஸ்டுடியோவில் 'கெய்ன்' என்று சொல்கிறார்களே, அது அந்தக் காலத்தில் அடிக்கணக்கில் இருந்தது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. பதிந்த மெழுகைப் போட்டுக் கேட்டுப் பார்க்க முடியாது. ஊசி பட்டால் மெழுகு அழிந்துவிடும். சோதனைக்கென்று ஒன்றைப் பதிந்து கேட்டுவிட்டுத் தூக்கிப் போடலாம், ஆனால் நிஜப் பதிவு நன்றாக வந்ததா கிழிந்ததா என்பது ஹானோவரில் அச்சாகி மறுபடி கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். எனக்கு மறுநாளே வாட்ஸப்பில் தவளை என்று பதில் வந்துவிட்டது. அவர்களுக்கு மாதக்கணக்கு. 1908ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகுதான் கப்பல் பயணம் ஒழிந்தது.

1925ல் அமெரிக்காவில் மின்சாரப் பதிவு வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ்ஃபீல்ட், ஹாரிசன் என்ற இருவர் செய்த வேலை. மைக், வால்வுப் பெருக்கி, மின்காந்தத்தால் அசையும் வெட்டூசி. முதல் முறையாக சத்தத்துக்கு ஒரு திருகு கிடைத்தது. பாடகரைத் தள்ளி இழுக்கிற ஆளுக்கு வேலை போயிற்று. அவர் இடத்தில் திருகைப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்தார். அடுத்த சில வருஷங்களில் நம் நாட்டுப் பதிவுகளும் மின்சாரத்துக்கு மாறின.

நம் பக்கத்துப் பாடகர்களுக்கு இது என்ன செய்தது என்பதுதான் எனக்கு ருசியான பகுதி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் செங்கோட்டை. (அப்போது அது திருவிதாங்கூர். 1956ல்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது.) அந்த ஊர் எஸ்.ஜி. கிட்டப்பா, நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைத் தரை டிக்கெட்வரை கேட்கும்படி பாடியவர். கே.பி. சுந்தராம்பாளும் அப்படித்தான். அவர்கள் தொண்டைதான் அவர்களுடைய பெருக்கி. கூம்புக்கும் மேடைக்கும் ஏற்ற குரல் ஒன்றே. கிட்டப்பா 1933ல், 27 வயதில் போய்விட்டார். அவர் இசைத்தட்டுகளைக் கேட்டால், நாலு சுவருக்குள் நின்றுகொண்டும் கொட்டகையின் கடைசி வரிசைக்குத்தான் பாடுகிறார் என்று தோன்றும்.

நேர் எதிர்ப்பக்கம் வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பு, வந்திருப்பவர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தால்தான் கேட்கும் என்பார்கள். அவ்வளவு சன்னம். கூம்புக் குழாய்க்கு அது காற்று வீசின மாதிரி. அவருடைய வாசிப்பு இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கிறது என்றால் 1930களில் மைக் இருந்ததால்தான். அவர் 1938ல் காலமானார். பத்து வருஷம் முன்னால் போயிருந்தால் நம்மிடம் வர்ணனை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கச்சேரி மேடைக்கு மைக் வந்ததும் பாட்டின் குணமே மாறியது. அமெரிக்க மானிடவியலாளர் அமாண்டா வைட்மன் 2006ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதுகிறார். ஓங்கிப் பாட வேண்டிய கட்டாயம் போனதால் சுருதி இறங்கியது, நுணுக்கங்கள் முன்னால் வந்தன, 'இயல்பான குரல்' என்று நாம் இன்று கொண்டாடுவதே மைக்கின் துணையோடு உருவானது என்கிறார். எனக்கு இது பாதி சம்மதம். சபாவுக்குப் போய் உட்கார்ந்தால் மைக் இருந்தும் காது கிழிகிற கச்சேரிகள் எத்தனை! பாடகர் "கொஞ்சம் மானிட்டர் ஏத்துங்க" என்பார், மிருதங்கக்காரர் "எனக்கும்" என்பார், ராகம் பாடும்போது வைத்த அளவு தனி ஆவர்த்தனத்தில் பிளிறும். கூம்பு காலத்து ஆள் ஒருவர் பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்தால் தேவலை என்றிருக்கும்.

சரி, இப்போது வீட்டு ஸ்டுடியோவுக்கு வருகிறேன். வீட்டில் உட்கார்ந்து மைக் வைத்து ஒலியோடு மல்லுக்கட்டுவது ஏதோ யூடியூப் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால் தப்பு. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 முதல் ஒலிபரப்பு, 40 வாட் டிரான்ஸ்மிட்டர். நம் வீட்டுக் குண்டு பல்பு எரியும் சக்தி. பணக்கஷ்டத்தில் 1927ல் மூடிவிட்டார்கள். கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட, 1930ல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938ல்தான்.

மைசூர்க் கதை இன்னும் அழகு. மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி. 1935 செப்டம்பரில் தன் சொந்த வீட்டிலேயே, சொந்தச் செலவில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்து வானொலி நிலையம் தொடங்கிவிட்டார். பெயர் ஆகாசவாணி. ஆமாம், நாடு முழுக்க இன்று வழங்குகிற அந்தப் பெயர் ஒரு வாத்தியார் வீட்டு ரேடியோவின் பெயர். பிறகு அதை சமஸ்தானம் எடுத்து நடத்தியது, சுதந்திரத்துக்குப் பின் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது. 1955ல் நிலையம் பெங்களூருக்கு வந்தது. அந்த வீட்டுக்குள் நடந்த சின்னச் சின்ன விவரமெல்லாம் நான் படித்ததில் இல்லை. ஆனால் டிரான்ஸ்மிட்டரின் சுபாவம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மைக்கிலிருந்து வருவது ஒரு அளவைத் தாண்டினால் ஒலிபரப்பே கிழியும், அதுவும் நேரலை. அழித்துவிட்டு மறுபடி பேச முடியாது. எனவே ஒருவர் பேசும்போது இன்னொருவர் கை திருகின் மேலேயே இருந்தாக வேண்டும்.

அந்தக் கைக்குத் துணையாக 1939ல் அமெரிக்க வானொலிக்காரர்கள் ஒரு முள் மீட்டரைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டார்கள். வி.யு. மீட்டர். பழைய டேப்ரெக்கார்டர்களில் வெள்ளைப் பலகையில் ஆடும் முள், வலது பக்கம் சிவப்புக் கோடு, ஞாபகம் வருகிறதா? சிவப்பைத் தொடாதே என்பது சட்டம். ஆனால் அந்த முள் ஒரு சோம்பேறி. முழுதாக எழும்ப ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொள்ளும், வேண்டுமென்றே அப்படித்தான் அமைத்தார்கள், மனிதக் காது சத்தத்தை உணர்வதை ஒட்டி. மிருதங்கத்தின் ஒரு சாப்பு அதற்குள் வந்து போய்விடும். முள் சாதுவாக நடுவில் நிற்கும், பதிவு கிழிந்திருக்கும். பேச்சில் ப, பு, கோபத்தில் வருகிற 'டேய்' எல்லாம் இந்த ரகம். அதனால்தான் அனுபவசாலிகள் முள்ளை நம்பாமல் சிவப்புக்கு வெகு கீழேயே நிறுத்தினார்கள். வங்கியில் பணப்பெட்டிக்கு வரம்பு பத்து லட்சம் என்றால் ஒன்பதே முக்காலில் நிறுத்துகிற கேஷியர் நிம்மதியாகத் தூங்கமாட்டார், ஏழில் நிறுத்துகிறவர் தூங்குவார்.

சினிமாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகிவிடும். 1931ல் காளிதாஸ் வந்த காலத்தில் நடிப்பும் பாட்டும் ஒரே சமயத்தில் பதிவு, மைக்கைப் படச்சட்டத்துக்கு வெளியே ஒளித்து வைத்து, தூரத்திலிருந்து எட்டும்படி பாடவேண்டும். 1938ல் ஏவி.எம்.மின் நந்தகுமார் படத்தில் லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். அதற்குப் பிறகு பாடகரும் மைக்கும் கிட்டே வர எந்தத் தடையும் இல்லை. காதோரம் பாடுகிற குரல்கள் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான்.

கடைசியாக, ஆச்சியின் கேசட்டுக்கு வரும் வழி. 1962ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். கடுகளவில், காசளவில் செய்யக்கூடிய மைக். அடுத்த வருஷம் ஃபிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டது. இரண்டும் சேர்ந்துதான் டூ-இன்-ஒன். இன்று உங்கள் போனில் இருப்பதும் அந்தக் கடுகின் பேரப்பிள்ளைதான்.

ஆனால் திண்ணையில் யார் மீட்டர் பார்ப்பது? அதற்காக டூ-இன்-ஒன்னுக்குள்ளேயே ஒரு தானியங்கிக் கையை வைத்தார்கள். சத்தம் ஏறினால் அதுவே அளவைக் குறைக்கும், அமைதியானால் அதுவே ஏற்றும். கௌஹர் ஜான் காலத்துத் தோள் பிடிக்கிற ஆள், டிரான்சிஸ்டர் உருவில். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தக் கை கொஞ்சம் தாமதம். திடீரென்று கத்தினால் அது விழித்துக்கொள்வதற்குள் டேப்பின் காந்தத்துகள் கொள்ளும் அளவு நிரம்பி வழிந்துவிடும். பிறகு அவசரமாகக் குறைத்துவிட்டு, நீங்கள் நிறுத்தியதும் மெல்ல மெல்ல ஏற்றும். பழைய கேசட்டில் யாராவது பேசி நிறுத்தினால் பின்னால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் எழும்பி வருமே, அது இதுதான். ஆச்சி மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் சேவல் சத்தமாகக் கூவுவதன் ரகசியமும் இதுதான். சேவல் கூவிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஆச்சி பேசும்போது மெஷின் அதை அமுக்கியிருக்கிறது.

இப்போது குட்டிப் பெட்டி. எஸ்.பி. ரோட்டுப் பெரியவர் சொன்னபடி டூ-இன்-ஒன் வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்தேன். லைன்-இன்னில் செருகினேன். ஆச்சியின் பேச்சு எங்கே அதிகம் ஓங்குகிறதோ அந்த இடத்தைத் தேடி ஓட்டி, அப்போதும் மீட்டர் மைனஸ் 12ஐத் தாண்டாதபடி அளவை நிறுத்தினேன். கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கி, தானாக அளவு மாற்றி என்று ஒலியை 'மேம்படுத்த' வைத்திருந்த எல்லாவற்றையும் அணைத்தேன். சார்ஜர் போட்டிருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது, அதையும் கழற்றினேன். டேப்பின் தலையை ஐசோபிரபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அது கரகரப்புக்கு மருந்தில்லை, குரல் கம்மலாகக் கேட்பதற்கு மருந்து. முப்பத்தைந்து வருஷத்து அழுக்கு காப்பிக் கலரில் வந்தது.

மறுபடி இருபத்தேழு நிமிஷம். ஆச்சி வந்துவிட்டாள். சுத்தமாக. சித்தப்பா அனுப்பிய சேலையின் நிறம் கோயிலுக்குப் போய்வருவதற்குள் சாயம் போய்விட்ட கதை, எருமை கன்று போட்டது, என்னைப் பற்றிக்கூட ஒரு புகார்!

ஒரே ஒரு இடம் தவிர. பதினெட்டாம் நிமிஷத்துக்குப் பக்கத்தில் பதினொரு நொடி. அங்கே மட்டும் அதே கிழிசல். மறுபடி கணக்கைப் பின்னோக்கித் தேடினேன். இயர்போனை டூ-இன்-ஒன்னில் மாட்டிக் கேட்டேன். அங்கேயும் கிழிசல். முதல் தடவை சோதித்தபோது முதல் ஐந்து நிமிஷம் மட்டும் கேட்டுவிட்டு 'டேப் சரி' என்று முடிவு கட்டியிருந்தேன். தணிக்கையில் யாராவது இப்படிச் செய்தால் நான் விடமாட்டேன். இது லேப்டாப் செய்த தப்பில்லை. 1988ல் திண்ணையிலேயே டேப்பில் ஏறிவிட்டது.

அடாசிட்டியில் வெட்டுப்பட்ட உச்சிகளை ஊகித்து வரைந்து தருகிற வசதி ஒன்று உண்டு. போட்டுப் பார்த்தேன். கரகரப்பு குறைந்தது. ஆனால் வந்தது வேறு யாரோ ஒரு பாட்டி. கணக்கில் இல்லாத தொகையை ஊகித்து எழுதுவதில்லை என்று அதை அழித்துவிட்டேன்.

அந்தப் பதினொரு நொடியில் என்ன இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டேன். அவர்தான் அன்றைக்கு பட்டனை அமுக்கியவர். "அம்மா அதுவரை தள்ளித்தான் உக்காந்து பேசிட்டு இருந்தா. திடீர்னு சந்தேகம் வந்துட்டு, துபாய் வரைக்கும் கேக்குமாலேன்னு. கேக்கும்மான்னேன். நம்பலை. மெஷினத் தூக்கி வாய்கிட்ட வச்சிகிட்டு அவன் பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டா" என்றார். டிரங்க் கால் காலத்து ஆள். தூரம் கூடக்கூட சத்தமும் கூடவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதோடு, கிட்டப்பா ஊருக்குப் பக்கத்து ஊர்த் தொண்டை வேறு.

இரண்டையும் தங்கச்சிக்கு அனுப்பினேன், அந்தப் பதினொரு நொடியை எதுவும் செய்யாமல். எந்த நிமிஷத்தில் வரும், ஏன் அப்படி இருக்கும் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சித்தப்பா போன் செய்தார். மகள் அனுப்பிவைத்தாளாம், ராத்திரி கேட்டாராம்.

"அந்தக் கரகரன்னு வர இடம் இருக்குல்லா," என்றார். "துபாய் ரூம்ல நாங்க திரும்பத் திரும்பப் போட்டது அதத்தான்."